துறைகள் பகிரட்டும், தடயம் இருக்கட்டும்!

எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் துணி தேய்த்துக் கொடுக்கும் நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு மாலை நேரத்தில் தன் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அந்தப் பெண்ணுக்கு முதலாம் ஆண்டில் கிடைத்த கல்வி உதவித்தொகை இப்போது மறுக்கப்பட்டிருந்தது. 'பெற்றோரின் ஆண்டு வருமானம் வரம்புக்கு மேல்' என்று கைப்பேசிக்கு வந்த ஒற்றை வரிதான் காரணம். வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால், எனக்கு வழி தெரிந்திருக்கும் என்று நம்பி வந்திருந்தார்கள்.

மூன்று அலுவலகங்களுக்கு அலைந்த பிறகே விவரம் புரிந்தது. வேறொரு மாவட்டத்தில் நல்ல ஊதியத்தில் பணியாற்றும் ஒருவரின் பதிவோடு இவருடைய பதிவு இணைக்கப்பட்டுவிட்டது. இருவருக்கும் ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்து, ஒரே பிறந்த தேதி. பிறந்த நாள் சரியாகத் தெரியாதவர்களுக்கு ஆண்டை மட்டும் கேட்டுக்கொண்டு ஜனவரி 1 என்று பதிவு செய்வது நம் நாட்டில் பரவலான வழக்கம். குடும்பப் பெயர் இல்லாமல் தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் தமிழ்நாட்டில், இந்த மூன்றும் ஒத்துப்போகிறவர்கள் பலர் இருப்பதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். ஆளை அடையாளம் காணக் கணினி தடுமாறுவதற்கு வேறென்ன வேண்டும்?

"அந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க ஐயா. அவரோட சம்பளம் மட்டும் என் தலைமேல வந்து உட்கார்ந்திருக்கு" என்றார் நண்பர். அந்த விவரம் எந்தத் துறையிலிருந்து, எப்போது, யார் கேட்டு வந்தது என்று மூன்று அலுவலகங்களிலும் நான் கேட்டேன். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. 'கம்ப்யூட்டரில் அப்படித்தான் காட்டுகிறது' என்பதே எல்லோருடைய பதிலும்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில், ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்திடம் ஒருவரைப் பற்றி ஏதேனும் அறிய வேண்டுமானால் கடிதம் எழுத வேண்டும். கடிதத்துக்கு ந.க. எண் உண்டு, தேதி உண்டு, எதற்காகக் கேட்கிறோம் என்ற பொருள் வரி உண்டு, கேட்டவரின் கையொப்பம் உண்டு. ஒவ்வோர் உதவியாளரும் தமக்கென வைத்திருக்கும் தன்பதிவேட்டில் அது எப்போது வந்தது, எப்போது பதில் போனது என்பது ஏறும். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அந்தத் தாமதம் மக்களை வாட்டியது உண்மை. ஆனால் யார், எதற்காகக் கேட்டார்கள் என்பதற்கு அசைக்க முடியாத ஒரு தடயம் இருந்தது. தாமதத்தை ஒழித்த கணினி, தடயத்தையும் சேர்த்து ஒழித்துவிட்டதோ என்பதே இப்போது என் கவலை.

பகிர்வு தேவைதான்

அரசுத் துறைகள் தங்களுக்குள் தகவலைப் பகிரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று என்று ஓர் அரசு அலுவலகம் கொடுத்த காகிதத்தை இன்னோர் அரசு அலுவலகத்துக்குச் சுமந்து செல்லும் கூலியாளாகக் குடிமகனை நெடுங்காலம் நடத்தியிருக்கிறோம். அந்த நிலைக்குத் திரும்ப யாரும் விரும்ப மாட்டார்கள். இறந்தவர் பெயரில் ஓய்வூதியம் போவதையும், வசதி படைத்தவர் ஏழைக்கான உதவியைப் பெறுவதையும் தடுக்க வேண்டுமானால், ஒரு துறை அறிந்ததை இன்னொரு துறை அறிந்துதான் ஆக வேண்டும்.

2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கருக்கும் புன்செய் 10 ஏக்கருக்கும் மிகக் கூடாது. வீட்டு மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பவை அதன் தகுதி விதிகள். வருமானமும் நிலமும் மின்சாரமும் வெவ்வேறு பதிவேடுகளில் இருப்பவை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் சென்று சேர வேண்டும் என்னும்போது, இவற்றை ஒப்பிட்டுப் பார்க்காமல் முடியாது. ஆகவே, பகிரலாமா என்பதல்ல, எந்த அளவுக்கு, எந்த முறையில் பகிரலாம் என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு உச்சநீதிமன்றம் ஏற்கெனவே ஓர் அளவுகோல் தந்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, கர்நாடக உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு காக்கும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த உரிமையில் அரசு குறுக்கிட வேண்டுமானால், அதற்குச் சட்டத்தின் ஆதாரம் இருக்க வேண்டும். நோக்கம் நியாயமானதாக இருக்க வேண்டும். எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. இந்த மூன்றில் முதல் இரண்டையும் அரசுகள் எளிதில் காட்டிவிடும். மூன்றாவதில்தான் சறுக்கல் நேர்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பொதுவாக ஒருவரின் ஒப்புதலோடுதான் அவருடைய தகவலைக் கையாள வேண்டும் என்கிறது. ஆனால் அரசு மானியம், உதவி, சேவை, சான்றிதழ், உரிமம் ஆகியவற்றுக்கு 7-ஆவது பிரிவு தனி வழி வகுத்திருக்கிறது. ஏதேனும் ஓர் உதவிக்காக முன்பு அரசுக்கு ஒப்புதல் அளித்திருந்தாலே, வேறோர் உதவிக்கும் அந்தத் தகவலைப் பயன்படுத்தலாம். ஒப்புதல் தராவிட்டாலும், மத்திய அரசு அறிவிக்கை செய்த அரசுப் பதிவேடு ஒன்றில் அது இருந்தால் போதும். எளிமையாகச் சொன்னால், ஒரு கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் எல்லா அறைகளுக்கும் அனுமதி கிடைத்ததாகப் பொருள்.

இதன் மறுபக்கம் இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டியது. என்னைப் பற்றிய தகவல் யார் யாரிடம் பகிரப்பட்டது என்று கேட்டறியும் உரிமையை 11-ஆவது பிரிவும், பிழையைத் திருத்தக் கோரும் உரிமையை 12-ஆவது பிரிவும் தருகின்றன. ஆனால் இவ்விரண்டும் ஒப்புதலின் அடிப்படையில் கையாளப்படும் தகவல்களுக்கானவையாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒப்புதல் இல்லாமலே ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போன தகவலுக்கு இவை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் தெளிவில்லை. யாரிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லையோ, அவருக்குத்தான் கேள்வி கேட்கும் உரிமை அதிகம் தேவைப்படுகிறது.

அதே சட்டத்தில் நம்பிக்கை தரும் வரிகளும் உண்டு. ஒருவரைப் பாதிக்கும் முடிவெடுக்கப் பயன்படக்கூடிய தகவலோ, வேறோர் அமைப்புக்குத் தரப்படும் தகவலோ முழுமையாகவும் துல்லியமாகவும் முரண்பாடின்றியும் இருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்று 8-ஆவது பிரிவு பணிக்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்ட விதிகள், உதவித் திட்டங்களுக்காகத் தகவலைக் கையாளும் அரசு அமைப்புகள் தேவையானதை மட்டுமே கையாள வேண்டும், உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும், விளக்கம் சொல்லக்கூடிய ஒருவரின் தொடர்பு விவரத்தைத் தர வேண்டும் என்கின்றன. ஆனால் இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர, விதிகள் வெளியானதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. துறைகள் தங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டிய காலம் அதுதான்.

பதிவேடா, பதிலா?

என் அனுபவத்தில் தேறிய முதல் விதி இது: ஒரு துறைக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இன்னொரு துறையின் பதிவேடு அல்ல, ஒரு கேள்விக்கான பதில் மட்டுமே.

மின் பயன்பாட்டையே எடுத்துக்கொள்வோம். திட்டத்தை நடத்துபவருக்குத் தெரிய வேண்டியது, இந்த இணைப்பின் ஆண்டுப் பயன்பாடு 3,600 யூனிட்டைத் தாண்டியதா என்பது மட்டுமே. 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற பதிலோடு வேலை முடிந்துவிடும். மாறாக, மின் கணக்கீட்டு விவரங்களை மொத்தமாக நகலெடுத்துக் கொடுத்தால், எந்த வீடு எந்த மாதங்களில் பூட்டிக் கிடந்தது, எந்த வீட்டில் ஆள் கூடியது என்பதெல்லாம் தேவையில்லாத கைகளுக்குப் போய்விடும். கல்வி உதவித்தொகைக்கும் இதே கணக்குத்தான். வருமானம் வரம்புக்குள் இருக்கிறதா என்பதே கேள்வி. தந்தை எங்கே வேலை செய்கிறார், எவ்வளவு வாங்குகிறார் என்பது கல்லூரி எழுத்தருக்கு எதற்கு?

இது புதிய தத்துவமன்று. 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே இந்த முறையில்தான் கட்டப்பட்டது. கைரேகையோ கருவிழிப் பதிவோ எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் பகிரப்படக் கூடாது. கேட்பவருக்கு 'பொருந்துகிறது' அல்லது 'பொருந்தவில்லை' என்ற பதிலே முதன்மையாகச் செல்லும். உண்மையான எண்ணைக் காட்டாமல் 16 இலக்க மெய்நிகர் எண்ணைத் தரும் வசதியும் 2018-இல் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம், ஆதார் சரிபார்ப்புப் பதிவுகளை ஆறு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும் வரையறுத்தது. கைரேகைக்குக் கிடைத்த இந்த மரியாதை, ஒருவரின் வருமானத்துக்கும் நோய்க்கும் நிலத்துக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எஸ்டோனியா ஏறத்தாழ 13 லட்சம் மக்களே கொண்ட சிறிய நாடு. 2001 முதல் அங்கு இயங்கிவரும் 'எக்ஸ்-ரோடு' என்ற அமைப்பில், எல்லாத் தகவலையும் குவித்து வைக்கும் ஒரே களஞ்சியம் கிடையாது. ஒவ்வொரு துறையும் தன் பதிவேட்டைத் தானே வைத்திருக்கும். ஒரு துறை கேட்கும். மற்றது பதில் சொல்லும். ஒவ்வொரு கேள்வியும் நேர முத்திரையோடு பதிவாகும். தன் விவரத்தை எந்த அரசு அமைப்பு பார்த்தது என்பதைக் குடிமக்கள் இணையத்திலேயே பார்த்துக்கொள்ளும் வசதியும் அங்கு உண்டு. நம் தாலுகா அலுவலகத் தன்பதிவேட்டை மக்கள் பார்வைக்குத் திறந்து வைத்ததற்கு ஒப்பானது அது.

ஒப்பிட்டபின் ஒரு நிமிடம் நில்லுங்கள்

இரண்டாவது விதி, கணினியின் பொருத்தத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது. இதை மீறியதற்கு ஆஸ்திரேலியா கொடுத்த விலை பெரிது. அங்கே உதவித்தொகை பெறுவோர் இரு வாரங்களுக்கு ஒரு முறை தம் வருமானத்தைத் தெரிவிப்பார்கள். 2015-இல் சோதனையாகத் தொடங்கி விரிவாக்கப்பட்ட 'ரோபோடெட்' என்ற திட்டத்தில், வரித் துறையிடமிருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து 26 பங்காகச் சமமாக வகுத்து, ஒவ்வோர் இரு வாரத்துக்கும் அவ்வளவு சம்பாதித்ததாகக் கொண்டார்கள். ஆறு மாதம் வேலை பார்த்து, ஆறு மாதம் வேலையின்றி உதவி பெற்றவர், ஆண்டு முழுவதும் சம்பாதித்தவராக மாறிப்போனார். 'கூடுதலாகப் பெற்றதைத் திருப்பிக் கொடு' என்று லட்சக்கணக்கானோருக்குக் கடன் அறிவிப்புகள் பறந்தன. கடன் இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. கடைசியில் அரசே அது சட்டப்படி செல்லாது என ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. 2023-இல் விசாரணை ஆணையத்தின் அறிக்கை அத்திட்டத்தைக் கடுமையாகச் சாடியது. அங்கே இரு துறைகளின் தகவலும் தனித்தனியே சரியானவைதான். ஒன்று ஆண்டுக் கணக்கு, மற்றது இரு வாரக் கணக்கு என்பதை மறந்து இரண்டையும் முடிச்சுப் போட்டதுதான் பிழை.

தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே தெலங்கானாவில் கணினி அளித்த முடிவை நம்பி, நேரில் விசாரிக்காமலே லட்சக்கணக்கான குடும்ப அட்டைகள் ரத்து செய்யப்பட்டன. அவற்றைக் கள ஆய்வு செய்து மீண்டும் சரிபார்க்குமாறு 2022-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

இதற்கு மருந்து அமெரிக்காவின் பழைய சட்டம் ஒன்றில் இருக்கிறது. 1974-இல் இயற்றப்பட்ட தனியுரிமைச் சட்டத்தில், 1988-இல் கணினி ஒப்பீடு பற்றிய திருத்தம் ஒன்றைச் சேர்த்தார்கள். அதன்படி, இரு துறைகள் தங்கள் பதிவேடுகளை ஒப்பிடுவதற்கு முன் எழுத்துபூர்வ ஒப்பந்தம் செய்ய வேண்டும். நோக்கம் என்ன, எந்தச் சட்டம் அனுமதிக்கிறது, எந்தெந்த விவரங்கள், வேலை முடிந்ததும் அவற்றை எப்போது அழிப்பது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் 18 மாதங்களுக்கு மேல் செல்லாது. தொடர வேண்டுமானால் புதுப்பிக்க வேண்டும். மிக முக்கியமாக, ஒப்பீட்டில் கிடைத்ததை வைத்து ஒருவரின் உதவியை நிறுத்துவதற்கு முன், அந்தத் தகவலைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். அவருக்கு அறிவிப்புக் கொடுத்து மறுத்துப் பேசக் கால அவகாசமும் தர வேண்டும்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கும் அந்நாடே சான்று. வரி கட்டுவதற்காக மக்கள் தந்த முகவரிகளைக் குடியேற்றத் துறை நடவடிக்கைகளுக்குப் பகிர்வதற்கு 2025 ஏப்ரலில் அங்கு உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது, வழக்குகளும் எழுந்தன. ஒரு நோக்கத்துக்காக நம்பித் தந்த தகவல் வேறொரு நோக்கத்துக்குத் திரும்பும் என்று அஞ்சினால், மக்கள் அடுத்த முறை உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள். நம் முன்னோடிகள் இதை உணர்ந்திருந்தார்கள். 1948-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், கணக்கெடுப்புப் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது, சாட்சியமாகவும் பயன்படுத்த முடியாது என்று காப்பு அளித்தது. வாசலுக்கு வரும் கணக்கெடுப்பாளரிடம் மக்கள் வீட்டு விவரத்தைச் சொல்வது அந்த உறுதிமொழியை நம்பித்தான்.

யாருக்குத் திரை, யாருக்குக் கண்ணாடி?

தனியுரிமை என்ற சொல்லைக் கேட்டதும் ஆவணத்தை மூடிக்கொள்ளும் அதிகாரிகளையும் நான் அறிவேன். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, தனிப்பட்ட தகவலை மறுக்க முன்பு நிபந்தனைகள் விதித்திருந்தது. பொதுப் பணியோடு தொடர்புள்ளதா, பொதுநலன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த திருத்தம் அந்த நிபந்தனைகளை நீக்கிவிட்டது. பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்ற 8(2) பிரிவு எஞ்சியிருந்தாலும், 'தனிப்பட்ட தகவல்' என்று சொல்லிக் கையை விரிப்பது எளிதாகிவிட்டது. குடிமக்களின் விவரம் துறைக்குத் துறை தங்கு தடையின்றிப் போகும். துறையின் விவரம் குடிமக்களுக்கு வராது என்றால், தனியுரிமையின் பொருளே தலைகீழாகிவிடும்.

இதில் சுமை சமமாகவும் விழுவதில்லை. அரசின் உதவி தேவைப்படாதவரின் மின் கட்டணத்தையோ நிலத்தையோ யாரும் எடுத்துப் பொருத்திப் பார்ப்பதில்லை. மாதம் 1,000 ரூபாய்க்கும் மகளின் படிப்புக்கும் விண்ணப்பிப்பவரே தம் வாழ்க்கை முழுவதையும் விரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஏழை என்பதால் ஒருவரின் அந்தரங்கம் மலிவாகிவிடக் கூடாது.

இத்தனை கட்டுப்பாடுகள் வைத்தால் மோசடிக்காரர்கள் தப்பிவிடுவார்களே, வேலை தாமதமாகுமே என்று கேட்கலாம். உதவியை நிறுத்துவதற்கு முன் முப்பது நாள் அறிவிப்புக் கொடுப்பதால் அரசுக்கு நேரும் இழப்பு ஒரு மாதத் தவணை. அறிவிப்பின்றி நிறுத்தினால், தகுதியுள்ள ஒருவருக்கு நேரும் இழப்பு ஒரு கல்வியாண்டாக இருக்கக்கூடும். எந்த இழப்பைத் தாங்கும் வலிமை யாருக்கு இருக்கிறது என்பதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு இதில் மத்திய அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. துறைகளுக்கிடையே செய்துகொள்ளப்படும் தகவல் பகிர்வு ஒப்பந்தங்களை அரசாணையாக வெளியிடலாம். முழுப் பதிவேட்டையும் கேட்கும் துறை, பதில் மட்டும் ஏன் போதாது என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என விதிக்கலாம். உதவி மறுக்கப்படும் குறுஞ்செய்தியில் எந்தத் துறையின், எந்தத் தேதியிட்ட தகவல் காரணம் என்பதையும், யாரிடம் முறையிடலாம் என்பதையும் சேர்க்கலாம். இ-சேவை மையத்தில் ஒருவர் தம் விவரத்தை எந்தத் துறைகள் பார்த்தன என்ற பட்டியலைக் கேட்டுப் பெற வழிசெய்யலாம். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. கேட்டவர் பெயரைப் பதிவேட்டில் எழுதும் பழைய அலுவலக ஒழுங்கைக் கணினிக்கும் கொண்டுவந்தால் போதும்.

அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை நான்கு மாதங்கள் கழித்துக் கிடைத்தது. அதற்குள் கட்டணம் செலுத்தக் கடைசி நாள் வந்துவிட்டதால், அவள் தாயின் தோடு அடகுக் கடைக்குப் போயிருந்தது. பிழையைத் திருத்திக் கொடுத்த அலுவலரிடம், இதே தவறான இணைப்பு வேறு எந்தெந்தத் துறைகளுக்குப் போயிருக்கிறது என்று கேட்டேன். நல்ல மனிதர் அவர். திரையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அது எங்களுக்கே தெரியாதுங்க" என்றார். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும்போது மீண்டும் இப்படி வராதே என்று அந்தப் பெண் கேட்டாள். அவளுக்கு உறுதி சொல்ல என்னாலும் முடியவில்லை.